கழுதை ஒன்றா, இரண்டா? வேதாகமக் கவிதையும் மேசியாவும்: வாசகர் கேள்வி–பதில்

மேசியாவைக் குறித்த தீர்க்கதரிசனங்கள் என்று கிறிஸ்தவர்கள் காட்டும் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளில் பெரும்பாலானவை கவிதைகள். சங்கீதங்கள் மட்டுமல்ல, ஏசாயா, மீகா, சகரியா ஆகிய தீர்க்கதரிசிகள் பேசியதிலும் பெரும்பகுதி கவிதைதான். கவிதையை வழக்குப் பத்திரம் போல வாசிப்பதால் கிளம்பும் சிக்கல்களே இந்த இதழின் கேள்விகளில் அதிகம். வசனங்களும் எண்களும் பழைய திருப்புதல் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின்படி தரப்பட்டுள்ளன.

கேள்வி: இயேசு எருசலேமுக்குள் வந்தபோது கழுதையையும் குட்டியையும் சேர்த்து இரண்டைக் கொண்டுவந்தார்கள் என்கிறார் மத்தேயு (21:2-7). மாற்கு, லூக்கா, யோவான் மூவரும் ஒரு குட்டியை மட்டுமே சொல்கிறார்கள். சகரியா 9:9 உண்மையில் எத்தனை கழுதைகளைச் சொல்கிறது?

பதில்: ஒன்றைத்தான். காரணம் எபிரெயக் கவிதையின் அமைப்பில் இருக்கிறது.

எபிரெயப் பாட்டில் எதுகை மோனையைத் தேடிப் போனால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. அதன் கட்டுக்கோப்பு கருத்தில் இருக்கிறது. ஓர் அடி ஒன்றைச் சொல்லும். அடுத்த அடி அதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லும், அல்லது கூர்மையாக்கும், அல்லது எதிர்மறையை நிறுத்தும், அல்லது மேலே கொண்டுபோகும். ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் லோத் 1753-இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை வகைப்படுத்திக் காட்டினார். இங்கே இதை இணையடி என்று வைத்துக்கொள்வோம்.

சகரியாவின் வசனத்தைப் பாருங்கள்: “சீயோன் குமாரத்தியே, மிகவும் களிகூரு, எருசலேம் குமாரத்தியே, கெம்பீரி.” சீயோனுக்கு ஒரு மகள், எருசலேமுக்கு இன்னொரு மகள் என்று யாரும் எண்ணுவதில்லை. அதே வசனத்தின் முடிவில் “கழுதையின்மேலும் கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும்” என்று வருவதும் அதே அச்சில் வார்த்ததுதான். முதல் அடி ஒரு கழுதை என்கிறது. இரண்டாவது அடி அது எப்படிப்பட்ட கழுதை என்கிறது.

அப்படியானால் மத்தேயு ஏன் இரண்டைச் சொல்கிறார்? கவிதை புரியாமல் தடுமாறினார் என்று சில உரையாளர்கள் எழுதுவதுண்டு. வேத வசனங்களிலேயே ஊறிய ஓர் எழுத்தாளரைப் பற்றி இப்படிச் சொல்வது அவசர முடிவு. யாரும் ஏறியிராத குட்டி என்று மாற்கும் லூக்காவும் சொல்கிறார்கள். பழகாத குட்டி மிரளாமல் நடக்கத் தாயும் கூட வந்தது என்பது இன்னொரு விளக்கம். நடக்கக்கூடியதுதான், ஆனால் மத்தேயுவின் சொல்லமைப்பை அது முழுதாக விளக்கிவிடவில்லை.

வலுவான விளக்கம் அந்தக் காலத்து வாசிப்பு முறையிலிருந்து வருகிறது. முதல் நூற்றாண்டு யூத வாசகர்களுக்கு வேதத்தில் வீண் சொல் கிடையாது. இணையடி திருப்பிச் சொல்லும்போதுகூட, இரண்டாவது சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் இருக்கவேண்டும் என்று தேடுவார்கள். இதே வழக்கம் புதிய ஏற்பாட்டில் இன்னும் இரண்டு இடங்களில் பளிச்சென்று தெரிகிறது.

ஒன்று, சங்கீதம் 22:18: “என் வஸ்திரங்களைத் தங்களுக்குள்ளே பங்கிட்டு, என் உடையின்பேரில் சீட்டுப்போடுகிறார்கள்.” சங்கீதக்காரனுக்கு இது ஒரே செயல். யோவான் 19:23-24 அதைப் பிரிக்கிறது: போர்ச்சேவகர் வஸ்திரங்களை நாலு பங்காக்கினார்கள், தையலில்லாத அங்கிக்கு மட்டும் சீட்டுப்போட்டார்கள். முதல் அடிக்கு ஒரு நிகழ்ச்சி, இரண்டாம் அடிக்கு ஒரு நிகழ்ச்சி.

மற்றது இன்னும் நேர்த்தியானது. சங்கீதம் 2:1-2 நான்கு தரப்புகளை இணையடியில் வரிசையாக நிறுத்துகிறது: ஜாதிகள், ஜனங்கள், ராஜாக்கள், அதிகாரிகள். அப்போஸ்தலர் 4:25-27-இல் சபை அந்த வரிகளைச் சொல்லி ஜெபிக்கிறது. உடனே பெயர்களைப் பொருத்துகிறது. புறஜாதியார் என்றால் ரோமர், ஜனங்கள் என்றால் இஸ்ரவேலர், ராஜா என்றால் ஏரோது, அதிகாரி என்றால் பொந்தியுபிலாத்து. பாட்டில் ஒரே எதிரிக் கூட்டத்துக்கு இட்ட நான்கு பெயர்கள், சிலுவை வழக்கில் நான்கு தனித்தனி ஆட்களாகிவிட்டன.

ஆகவே சகரியா பாடியது ஒரு கழுதை. மத்தேயு இரண்டு சொற்களுக்கும் இடம் கொடுத்து எழுதினார். இந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறவர்கள் அடுத்த வசனத்தைத் தவறவிடுகிறார்கள். சகரியா 9:10-இல் எப்பிராயீமின் இரதங்களும் எருசலேமின் குதிரைகளும் அற்றுப்போகின்றன. போர்க்குதிரை இல்லாத ராஜா என்பதுதான் பாட்டின் குறி. மத்தேயு மேற்கோள் காட்டும்போது “நீதியுள்ளவரும் இரட்சிக்கிறவரும்” என்பதை விட்டுவிட்டு, சாந்தகுணத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார். அவர் கவனம் எங்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: சங்கீதம் 2, 72, 110 எல்லாம் அன்றைய எருசலேம் ராஜாக்களுக்காகப் பாடப்பட்டவை என்கிறார்கள். அப்படியானால் கிறிஸ்துவை அதில் நுழைத்தது சபையின் வேலைதானே?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியல்ல.

“நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்” (2:7) என்ற வரி பட்டாபிஷேகச் சூழலுக்குப் பொருந்துகிறது. தாவீதின் சந்ததியானைக் குறித்து “நான் அவனுக்குப் பிதாவாயிருப்பேன்” என்று 2 சாமுவேல் 7:14 சொன்னதை அது பாட்டாக்குகிறது. ஆனால் கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்தது. சிங்காசனம் போயிற்று. பாட வேண்டிய ராஜாவே இல்லாதபோதும் இந்தப் பாட்டுகளை யாரும் தூக்கி எறியவில்லை. பிரதி எடுத்துக் காத்தார்கள்.

காத்தது மட்டுமல்ல, முக்கியமான இடங்களிலும் வைத்தார்கள். சங்கீதப் புத்தகம் ஐந்து பாகம்: 1-41, 42-72, 73-89, 90-106, 107-150. ராஜாவைப் பாடும் 2 வாசலிலேயே நிற்கிறது. 72 இரண்டாம் பாகத்தின் முடிவில். 89 மூன்றாம் பாகத்தின் முடிவில். அந்த 89-ஐ முழுதாக வாசியுங்கள். 37-ஆம் வசனம் வரை தாவீதின் சிங்காசனம் சூரியனைப்போல, சந்திரனைப்போல நிலைக்கும் என்று பாடிவிட்டு, 38-இல் தடாலென்று திரும்பி, நீர் உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையிலே தள்ளிவிட்டீர் என்று முறையிடுகிறது. அந்தப் பாட்டுக்குள் பதில் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தவர்களிடமிருந்துதான் மேசியா எதிர்பார்ப்பு பிறந்தது.

கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி நூற்றாண்டில் எழுந்த ‘சாலொமோனின் சங்கீதங்கள்’ என்ற யூதப் பாடல் தொகுப்பில் (இது வேதாகமத்தில் உள்ளது அல்ல) 17-ஆவது பாட்டு தாவீதின் குமாரனை எதிர்பார்க்கிறது. இருப்புக்கோல், குயவனின் மண்பாண்டம் என்று சங்கீதம் 2-இன் சொற்களையே எடுத்தாள்கிறது. சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களில் ஒன்று 2 சாமுவேல் 7-ஐயும் சங்கீதம் 2-ஐயும் அடுத்தடுத்து வைத்துக் கடைசிக் காலத்துக்கு விளக்கம் சொல்கிறது. ராஜ சங்கீதங்களில் மேசியாவைக் கண்டது முதலில் யூதர்கள். சபை அதைச் சுவீகரித்துக்கொண்டது.

சபையின் புதுமை வேறு இடத்தில் இருக்கிறது. 22, 69 போன்ற புலம்பல் சங்கீதங்களை மேசியாவின் வாயில் வைத்ததுதான் அது. துன்பப்படுகிறவனின் பாட்டையும் ராஜாவின் பாட்டையும் ஒரே ஆளுக்கு உரியதாக வாசிக்கும்படி சிலுவைதான் அவர்களை நெருக்கியது. ‘முதலில் தீர்க்கதரிசனப் பட்டியல், பிறகு அதைச் சரிபார்க்கும் நிகழ்ச்சிகள்’ என்ற வரிசையில் இது நடக்கவில்லை. நிகழ்ச்சி முதலில், அதன் வெளிச்சத்தில் பழைய பாட்டைத் திரும்ப வாசித்தது பிறகு. லூக்கா 24:44-45 சொல்வதும் இந்த வரிசையைத்தான்: உயிர்த்தெழுதலுக்குப் பின்பே சீஷர்களுடைய மனது திறக்கப்படுகிறது.

ஒரு சிறு வியப்பு: மேசியாவின் ஆட்சிக்கு இலக்கணம் எழுதியதுபோல இருக்கும் சங்கீதம் 72-ஐப் புதிய ஏற்பாடு கிறிஸ்துவுக்கு நேரடியாக மேற்கோள் காட்டவே இல்லை.

கேள்வி: “கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி” (110:1) என்பதில் இரண்டு ஆண்டவர்களா?

பதில்: எபிரெயத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். முதலாவது தேவனுடைய நாமம். இரண்டாவது எஜமானையோ ராஜாவையோ மரியாதையாக அழைக்கும் சொல். பாட்டின் பொருள், பேசுகிறவர் யார் என்பதில் தொங்குகிறது. அரண்மனைப் புலவர் பேசுகிறார் என்றால் “என் ஆண்டவர்” எருசலேமின் ராஜா. தாவீதே பேசுகிறார் என்றால், ராஜாவுக்கு மேல் ஒரு ஆண்டவர் யார் என்ற புதிர் எழுகிறது. மாற்கு 12:35-37-இல் இயேசு எழுப்புவது இந்தப் புதிரைத்தான். தாவீது பேசுகிறார் என்பதை ஏற்றால்தான் அந்த வாதம் நிற்கும். புதிய ஏற்பாட்டில் அதிகமாகக் கையாளப்பட்ட பழைய ஏற்பாட்டு வசனம் இதுவே. 4-ஆம் வசனம் சொல்லும் மெல்கிசேதேக் என்ற ஆசாரிய ராஜாவை விரித்தது எபிரெயர் நிருபம்.

கேள்வி: சங்கீதம் 69:21-இல் காடி கொடுத்தது இயேசுவுக்கு நிறைவேறியது. ஆனால் அதே சங்கீதம் 5-ஆம் வசனத்தில் “என் குற்றங்கள் உமக்கு மறைந்திருக்கவில்லை” என்கிறதே. பாவமில்லாதவர் இதை எப்படிச் சொல்லமுடியும்?

பதில்: ஒரு வசனத்தைப் பிய்த்தெடுத்துப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. சங்கீதம் 41-உம் அப்படித்தான்: 9-ஆம் வசனத்தை யோவான் 13:18 யூதாசுக்குப் பொருத்துகிறது, 4-ஆம் வசனமோ “உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்கிறது.

புதிய ஏற்பாடு 69-ஐ எப்படிக் கையாளுகிறது என்று வரிசையாகப் பாருங்கள். 4-ஆம் வசனம் யோவான் 15:25-இல். 9-இன் முதல் அடி, பக்திவைராக்கியம், யோவான் 2:17-இல்; இரண்டாம் அடி, நிந்தை, ரோமர் 15:3-இல். 21-இன் சாயல் நான்கு சுவிசேஷங்களின் சிலுவைக் காட்சிகளிலும். 22-23 ரோமர் 11:9-10-இல். 25 யூதாசைக் குறித்து அப்போஸ்தலர் 1:20-இல். 5-ஆம் வசனத்தை யாரும் தொடவில்லை. எதிரிகளைச் சபிக்கும் வரிகளையும் சிலுவையில் இயேசுவின் வாயில் யாரும் வைக்கவில்லை. லூக்கா பதிவுசெய்யும் ஜெபம் நேர் எதிரானது: அவர்களை மன்னிக்கும்படி கேட்பது.

இதிலிருந்து தெரிவது: சங்கீதத்தை அவர்கள் இயேசுவின் முன்கூட்டிய நாட்குறிப்பாக எடுக்கவில்லை. தாவீதுக்கு உரியதாகச் சொல்லப்பட்ட பாடு ஓர் அச்சு. நீதிக்காகத் துன்பப்படுகிறவன், நண்பனால் காட்டிக்கொடுக்கப்பட்டவன், பரிகசிக்கப்பட்டவன், கடைசியில் தேவனால் தூக்கிவிடப்பட்டவன். அந்த அச்சு இயேசுவில் முழு அளவில் நிறைந்தது என்பதே அவர்களது வாதம். இதை முன்னடையாளம் என்போம். முன்னடையாளத்தில் எல்லா விவரமும் ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் இல்லை.

சபைப் பிதாக்கள் இருவிதமாகப் பிரிந்தார்கள். அகஸ்டின் சங்கீதம் முழுவதிலும் கிறிஸ்துவின் குரலைக் கேட்டார். பாவ அறிக்கை வரும் இடத்தில் தலை பேசவில்லை, சரீரமாகிய சபை பேசுகிறது என்றார். மறுகோடியில் மொப்சுவெஸ்தியாவின் தியோடோர். நேரடியாகக் கிறிஸ்துவைப் பாடுபவை 2, 8, 45, 110 என்ற நான்கு மட்டுமே என்று அவர் சுருக்கினார். 553-இல் இரண்டாம் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவரைக் கண்டனம் செய்தது. கிறிஸ்துவின் தன்மை பற்றிய சர்ச்சைதான் அதில் முதன்மை என்றாலும், இந்த வாசிப்பும் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. அகஸ்டினின் வழி ஜெபத்துக்கு அருமையானது. ஆனால் சங்கடமான வரி வரும்போதெல்லாம் பேசுகிறவரை மாற்றிக்கொள்ளலாம் என்றால், பிறகு எந்த வரியும் எதையும் நிரூபிக்காது. பாட்டின் பொருளை விளக்க முன்னடையாளமே நேர்மையான வழி.

வேதபாடத்துக்குத் தயாரிக்கிறவர்கள் செய்யவேண்டியது இது. முதலில் மேற்குறிப்பை, அதாவது சங்கீதத்தின் தலையில் நிற்கும் தலைப்பு வரியை, வாசியுங்கள். எபிரெயத்தில் 73 சங்கீதங்களில் தாவீதின் பெயர் இருக்கிறது. அடுத்து, பென்சிலை எடுத்து இணையடிகளைக் கோடிட்டுப் பிரியுங்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு ஜோடி என்று குறியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், எந்த வசனத்தில் பேச்சு மாறுகிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். பாட்டு அன்றைய மனிதனுக்கு என்ன சொன்னது என்று இரண்டு வாக்கியத்தில் எழுதி முடிக்கும்வரை புதிய ஏற்பாட்டைத் திறக்காதீர்கள். திறந்தபின், மேற்கோள் எந்த அடியை எடுத்தது, எதை விட்டது, சொல்லை மாற்றியதா என்று ஒப்பிடுங்கள். சொல் மாறியிருந்தால் பெரும்பாலும் செப்துவஜிந்த் என்ற பழைய கிரேக்க மொழிபெயர்ப்பே காரணமாக இருக்கும். எபிரெயர் 10:5-இல் “ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்” என்றும், அதற்கு மூலமான சங்கீதம் 40:6-இல் செவிகளைத் திறந்தீர் என்றும் இருப்பது அதனால்தான்.

அன்றைய மனிதனுக்குச் சொன்னதை எழுதும் படியைத் தாண்டிக் குதிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதலில் நிறைவேறுதலைப் பார்த்துவிட்டால், பாட்டில் அது மட்டுமே கண்ணில் படும்.

கேள்வி: சங்கீதம் 22:16-இல் “என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்” என்பதை யூத வேதாகமத்தில் “சிங்கத்தைப்போல” என்று படிக்கிறார்கள். யார் திருத்தியது?

பதில்: யாரும் திருத்தியதாகச் சொல்லத் தேவையில்லை. சொல்லின் கடைசி எழுத்து ஒன்றில்தான் வேறுபாடு. எபிரெயத்தில் ‘யோத்’, ‘வாவ்’ இரண்டும் சிறு கோடுகள். வால் கொஞ்சம் நீண்டால் வாவ், குறுகினால் யோத். யூத அறிஞர்கள் வழிவழியாகக் காத்துவந்த எபிரெய மூலமான மசோரெத் பாடத்தில் யோத்: “சிங்கத்தைப்போல என் கைகளும் என் கால்களும்.” இதில் வினைச்சொல்லே இல்லை என்பது அதன் குறை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு “தோண்டினார்கள்” என்கிறது. அது கிறிஸ்துவுக்கு முந்தைய யூத மொழிபெயர்ப்பு என்பதால் சபையின் சதி என்று சொல்லமுடியாது. சவக்கடல் அருகே நகால் ஹேவெரில் கிடைத்த சுருளில் வாவ் இருப்பதாகத் தெரிகிறது. ஆனால் அந்த வினையின் சரியான பொருள் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இந்த வரியில் பாரம் ஏற்றவேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. சிலுவையை விவரிக்கச் சுவிசேஷகர்கள் இந்தச் சங்கீதத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்: 1-ஆம் வசனம் இயேசுவின் கூக்குரலாக, 7-8 பரிகாசமாக, 18 வஸ்திரப் பங்கீடாக. 22-ஆம் வசனத்தை எபிரெயர் 2:12 எடுக்கிறது. கைகால்களைப் பற்றிய அடியை மட்டும் புதிய ஏற்பாட்டில் ஒருவரும் மேற்கோள் காட்டவில்லை. அவர்கள் ஆதாரமாகக் கொள்ளாத வரியை நாம் முதல் ஆதாரமாக வைக்கிறோம்.

பாட்டின் வலிமை அதன் கட்டமைப்பில் இருக்கிறது. மிருகங்களைக் கவனியுங்கள். 12-இல் எருதுகள், 13-இல் சிங்கம், 16-இல் நாய்கள் சூழ்கின்றன. 20-21-இல் விடுதலை கேட்கும்போது வரிசை தலைகீழாகிறது: நாய், சிங்கம், காட்டெருது (பழைய திருப்புதலில் காண்டாமிருகம்). வந்த வழியிலேயே ஒவ்வொன்றாய்ப் பின்வாங்குகின்றன. 21-இன் முடிவில், வாக்கியத்தின் நடுவிலேயே, “எனக்குச் செவிகொடுத்தருளினீர்” என்று பாட்டு திரும்புகிறது. அதன்பின் 31 வரை துதி. 27-இல் பூமியின் எல்லைகளெல்லாம் கர்த்தரிடத்தில் திரும்பும். தனி மனிதன் ஒருவனின் வேதனை தீர்ந்ததற்கு உலகம் முழுவதும் திரும்புவானேன் என்ற கேள்வியை இந்தப் பாட்டு தானே எழுப்புகிறது. கிறிஸ்தவ வாசிப்பு வேரூன்ற வேண்டிய இடம் அது. அதற்காக, இயேசு முதல் வரியைச் சொன்னபோது முடிவின் துதியைத்தான் நினைத்தார், கைவிடப்படவே இல்லை என்று விளக்குவதும் கூடாது. மாற்கு எழுதியது கதறல்.

கேள்வி: ஏசாயா 53-இல் வரும் தாசன் இஸ்ரவேல் ஜனம் என்று யூத நண்பர் ஒருவர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

பதில்: அவர் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ஏசாயா 41:8, 44:1, 49:3 ஆகியவை தாசனை இஸ்ரவேல் என்றே பெயர் சொல்லி அழைக்கின்றன. இந்த விளக்கம் யூத உரையாசிரியர் ராஷி (1040–1105) காலத்தில் முளைத்தது என்று கிறிஸ்தவ மேடைகளில் சொல்லப்படுவது தவறு. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூதர்கள் தன்னிடம் இப்படி வாதிட்டதாகக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் எழுதியிருக்கிறார். மறுபக்கம், தர்கூம் என்ற அரமேய விளக்கம் தாசனை மேசியா என்றே சொல்கிறது. ஆனால் பாடுகளை அவர்மேல் வைக்காமல் மற்றவர்கள்மேல் திருப்பிவிடுகிறது. ரபிமாரின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் 53:4 மேசியாவின் பெயர் பற்றிய பேச்சில் வருகிறது. யூத மரபிலும் ஒரே குரல் இல்லை.

இனி பாட்டு. இது 53:1-இல் தொடங்கவில்லை, 52:13-இல் தொடங்குகிறது. அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது பாட்டின் தலையை வெட்டிவிட்டது. மும்மூன்று வசனமாக ஐந்து பத்திகள்: 52:13-15, 53:1-3, 4-6, 7-9, 10-12. முதல் பத்தியில் தேவன் பேசுகிறார், தாசன் உயர்த்தப்படுவான் என்று. கடைசிப் பத்தியில் மறுபடி தேவனுடைய குரல். நடுவில் “நாங்கள்” என்ற ஒரு கூட்டம், தாங்கள் தப்பாக எண்ணியதை அறிக்கையிடுகிறது. நட்டநடுப் பத்தியில் “நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்.” ஒவ்வொரு இணையடியும் அவரையும் நம்மையும் எதிரெதிரே நிறுத்துகிறது.

வாதம் இங்கேதான் நடக்கவேண்டும். “நாங்கள்” யார்? 52:15-இன் ராஜாக்கள் என்றால் தாசன் இஸ்ரவேலாகலாம். தீர்க்கதரிசியும் அவருடைய ஜனமும் என்றால், அந்த ஜனமே தாசனாக இருக்கமுடியாது. 53:8-இன் “என் ஜனத்தின் மீறுதலினிமித்தம்” என்ற அடியும், இஸ்ரவேலிடமே அனுப்பப்படும் தாசனைக் காட்டும் 49:5-6-உம் இரண்டாவது வாசிப்புக்குப் பலம் தருகின்றன. இஸ்ரவேலின் பணியை இஸ்ரவேலுக்காகவே ஏற்று நிற்கும் ஒருவர் என்பது கிறிஸ்தவ வாசிப்பு. அது ஜனத்தைத் துரத்திவிட்டு ஒருவரைக் கொண்டுவருவதல்ல.

“அநேகர்” என்ற சொல் எபிரெயப் பாட்டில் ஐந்து முறை வருகிறது. “அநேகரை மீட்கும்பொருளாக” என்ற மாற்கு 10:45-இலும், “அநேகருக்காகச் சிந்தப்படுகிற” என்ற 14:24-இலும் அதன் எதிரொலி கேட்கிறது. இந்தப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி கேட்டதும் உங்கள் நண்பர் கேட்டதும் ஒரே வகைக் கேள்விதான்: தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? (அப்போஸ்தலர் 8:34).

கேள்வி: அது தீர்க்கதரிசனம் என்றால் “காயப்பட்டார்” என்று இறந்தகாலத்தில் இருப்பதேன்?

பதில்: எபிரெய வினைகள் நம்முடைய முக்காலத்தைப்போலப் பிரியவில்லை. முடிந்ததாகப் பார்க்கும் வடிவம், முடியாததாகப் பார்க்கும் வடிவம் என்று இரண்டு. கவிதையில் இரண்டும் கலந்து வரும். “நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்” (ஏசாயா 9:6) என்பதும் முடிந்த வடிவமே. ஆகவே வினை வடிவத்தை வைத்து இது எதிர்காலம் என்று சாதிக்கவும் முடியாது, இல்லை என்று மறுக்கவும் முடியாது.

கேள்வி: ஏசாயா 53-ஐக் கிறிஸ்தவர்களே பின்னால் எழுதிச் சேர்த்திருக்கலாமே?

பதில்: முடியாது. 1947-இல் கும்ரான் குகையில் கிடைத்த பெரிய ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பு எழுதப்பட்டது. ஏழு மீட்டருக்கும் அதிக நீளம், 54 பத்திகள். இந்தப் பாட்டு அதில் முழுதாக இருக்கிறது. முக்கிய வேறுபாடு 53:11-இல்: பாடுகளுக்குப் பின் அவர் “ஒளியைக் காண்பார்” என்று ஒரு சொல் கூடுதலாக வருகிறது. செப்துவஜிந்திலும் அது உண்டு.

கேள்வி: எட்டுத் தீர்க்கதரிசனங்கள் ஒரே மனிதரிடம் தற்செயலாக நிறைவேற வாய்ப்பு 10-இன் 17-ஆம் அடுக்கில் ஒன்று என்று கணக்குப் போட்டிருக்கிறார்களே. சொல்லலாமா?

பதில்: சொல்லாமலிருப்பது நல்லது. நிகழ்தகவுகளைப் பெருக்கவேண்டுமானால் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளாக இருக்கவேண்டும். அந்த எட்டில் சகரியா 11:12-உம் 11:13-உம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. இரண்டும் அதே முப்பது வெள்ளிக்காசுதான். சகரியா 13:6-உம் பட்டியலில் இருக்கிறது. முன்வசனங்களோடு வாசித்தால் அங்கே பேசுகிறவன், தான் தீர்க்கதரிசி அல்ல என்று மறுக்கும் ஒரு போலி. ஒவ்வொன்றுக்கும் போட்ட தொடக்க எண்ணும் மதிப்பீடு மட்டுமே. முன்னடையாளமாக நிற்கும் கவிதைக்கு நிகழ்தகவு கணக்கிட வழியே இல்லை.

எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் பயனுள்ள ஒன்று உண்டு. யூதராய்ப் பிறந்த கிறிஸ்தவ அறிஞர் ஆல்பிரட் எடர்ஷைம் 1883-இல், பழைய ரபிமார் எழுத்துகளில் மேசியாவோடு சேர்த்துப் பேசப்பட்ட பகுதிகளைத் தொகுத்தார்: நியாயப்பிரமாணத்தில் 75, தீர்க்கதரிசனங்களில் 243, மற்ற எழுத்துகளில் 138, ஆக 456. எந்தப் பகுதியைப் பற்றி இரு மரபும் பேசிக்கொள்ளமுடியும் என்று தேட உதவும்.

கேள்வி: கத்தோலிக்க உறவினரின் பழைய ஜெபப்புத்தகத்தில் “என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” 21-ஆம் சங்கீதமாக இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை. அது கிரேக்க–லத்தீன் எண் வரிசை. 1 முதல் 8 வரை இரண்டும் ஒன்றே. எபிரெயத்தின் 9-உம் 10-உம் அங்கே சேர்ந்து 9. ஆகவே 11 முதல் 113 வரை ஓர் எண் குறையும்: 22 என்பது 21, 110 என்பது 109. எபிரெய 114-உம் 115-உம் சேர்ந்து அங்கே 113. எபிரெய 116 இரண்டாகப் பிரிந்து 114, 115. மறுபடி 117 முதல் 146 வரை ஓர் எண் குறைவு; ஆகையால் “தள்ளின கல்” வரும் 118 அங்கே 117. எபிரெய 147 இரண்டாகப் பிரிந்து 146, 147. கடைசி மூன்றும் ஒன்றே. எபிரெயப் பதிப்புகளில் மேற்குறிப்பையும் வசனமாக எண்ணுவதால் வசன எண்ணும் ஒன்று கூடலாம்: நாம் 22:16 என்பதை அவர்கள் 22:17 என்பார்கள்.